பெட்டிக்குள்ளிருந்து சார்ஜ் கேட்டவள்

விமானச் சரக்குப் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வேலையில் இருந்தபோது "கொஞ்சம் வாயை மூடும்மா" என்று சொல்லாத மேலதிகாரி கிடையாது. ஓய்வு பெற்றதும் அதே வாய்க்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுக்கிறார்கள். கொடுத்தது தப்பு என்று கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

வெளிநாட்டு விமானத்தில் போகிற பயணியைக் காப்பாற்ற அரசாங்கம் என்னவெல்லாம் செய்கிறது? எந்தப் பயணியையாவது கேட்டுப் பாருங்கள். என் மாங்காய் ஊறுகாயைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை என்பார். கொப்பரைத் தேங்காய்க்கும் விமானத்துக்கும் அப்படி என்ன பகை என்று கேட்பார். கொப்பரையில் இருக்கும் எண்ணெய் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போடாதே, கைப்பையில் வை என்றால், சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பெரிய பெட்டியில்தான் போடுவார்.

அவர் காலுக்கு அடியில், விமானத்தின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. காசிமேட்டு நண்டு போகும். ஏற்றுமதிச் சட்டை போகும். மணலி ரசாயனக் கம்பெனிகளின் மாதிரி டப்பாக்கள் போகும். எப்போதாவது ஒரு பிணமும் போகும். மேலே அவர் ஜூஸ் குடித்துக்கொண்டு படம் பார்ப்பார். நம் வேலை கீழே. ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் மாலை போட மாட்டார்கள், அதனால் இப்போதே கழுத்தைத் தயார் பண்ணி வைக்காதீர்கள்.

ஒருமுறை ஒருவர் குடிதண்ணீர் பாட்டிலில் பெயின்டில் கலக்கிற தின்னரை ஊற்றிக்கொண்டு வந்தார். சிங்கப்பூருக்கு மாதிரி அனுப்ப வேண்டுமாம். "தண்ணி மாதிரிதாம்மா, ஒண்ணும் பண்ணாது" என்றார். அப்படியானால் ஒரு வாய் குடித்துக் காட்டுங்கள் என்றேன். பாட்டிலோடு அன்றைக்குப் போனவர்தான், திரும்ப வரவேயில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சூப்பர்வைசருக்கு ஒரே ஒரு கொள்கைதான். யாராவது "அர்ஜென்ட்" என்று சொல்லிவிட்டால் போதும், உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். டீ வரவழைப்பார். அதை ஆற்றி ஆற்றிக் குடிப்பார். சரியான சோம்பேறி என்று நினைத்தேன். சோம்பேறிதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அவசரப்படுத்துகிறவன் எதையோ நாம் பார்க்காமல் இருக்க விரும்புகிறான் என்பதை அந்த மனிதரிடம்தான் கற்றுக்கொண்டேன். அந்த டீயால் ஒரு நாள் என் வேலையே போகப் பார்த்தது. அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

எங்கள் ஷெட் டோல்கேட்டைத் தாண்டி, திருவொற்றியூர் ஹைரோட்டில் இருந்தது. சரக்கை அங்கேயே சோதித்து, சீல் வைத்து, லாரியில் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அனுப்புவோம். துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் கப்பலில் செத்துப்போகிற வெளிநாட்டு மாலுமிகளின் உடலும் எங்களிடம்தான் வரும். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். உப்பு வியாபாரத்தில் ஆரம்பித்து விமானச் சரக்கு வரைக்கும் வந்தவர். நல்ல மனிதர், லாரி நேரத்துக்குக் கிளம்புகிற வரைக்கும்.

அன்றைக்கு எங்களிடம் இருந்தது அந்தோணிசாமி என்பவரின் சவப்பெட்டி. ராயபுரத்தில் பிறந்தவர். கப்பல் வேலைக்குப் போய், மலேசியாவில் கிள்ளானில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். சின்ன வயசுத் தோஸ்து கஜாவின் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். கல்யாணத்தில் நன்றாக ஆடி, நன்றாகச் சாப்பிட்டு, மறுநாள் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கஜா காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மெஷின் ஓட்டுகிறவர். தன் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு, நண்பனைக் குளிர்பெட்டியில் கிடத்தி, பாட்டுக் கச்சேரி வைத்து, ஊரே பார்க்கிற மாதிரி மரியாதை செய்திருக்கிறார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் உடலைப் பதப்படுத்தி, துத்தநாகத் தகடு அடித்த பெட்டியில் வைத்து, ஈயம் பற்றவைத்து மூடிவிட்டார்கள்.

மகன் பிரான்சிஸுக்குப் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்ததால் அவர் வந்து சேர்வதற்குள் பெட்டி மூடியாகிவிட்டது. அப்பாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அன்று சாயங்கால விமானத்தில், மேலே அவர், கீழே அப்பா. மறுநாள் காலையில் கிள்ளானில் அடக்கம். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்ட அடக்கம் அது. அம்மா பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கிறவர்.

"வேற எதுவும் கேக்க மாட்றாங்க மேடம். அப்பா எப்ப வருவாரு, அது ஒண்ணுதான் கேக்கறாங்க" என்றார், கஜாவோடு ஷெட்டுக்கு வந்திருந்த பிரான்சிஸ்.  எல்லாத் தாள்களையும் சரிபார்த்தேன். பெட்டிக்குள் உடலைத் தவிர வேறொன்றும் இல்லை என்று ஒரு சான்றிதழ் இருந்தது. கையெழுத்து, முத்திரை எல்லாம் பளிச்சென்று இருந்தன. நானும் கையெழுத்துப் போட்டு, ஏற்றுங்கள் என்றேன்.

மதியச் சாப்பாடு முடிந்து லோடர் ஏழுமலையும் மற்றவர்களும் பெட்டியைத் தூக்கி லாரிப் பக்கம் கொண்டு போனார்கள். பாதி வழியில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள். இங்கிலீஷில். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி, ஆனால் தெளிவாக.

பெட்டியைக் கீழே போடாமல் வைத்தார்களே, அதற்காகவே அந்தப் பையன்களுக்குச் சம்பளம் கூட்டியிருக்க வேண்டும். வைத்துவிட்டு எடுத்தார்கள் பாருங்கள் ஓட்டம்!

"எக்கா! உள்ள ஒரு பொம்பள கீறாக்கா! இங்கிலீஸு பேசுறா!" என்று கத்திக்கொண்டே ஏழுமலை என்னைத் தாண்டி ஓடினான்.

நான் வியாசர்பாடிக்காரி. எங்கள் வீட்டில் புத்தர் படம்தான். பேய், பிசாசு, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. என் மூளைக்குத்தான் கிடையாதே தவிர, காலுக்கு இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அது என்னை வாசல் வரைக்கும் கொண்டு போய்விட்டுத்தான் நின்றது. அங்கே நின்றபடி காதைத் தீட்டிக் கேட்டேன். மறுபடியும் பேசினாள்.

"பேட்டரி லோ. ப்ளீஸ் சார்ஜ்."

அடிப்பாவி! இவளை எனக்குத் தெரியும். எங்கள் தெரு டீக்கடை ஸ்பீக்கரில் தினமும் சார்ஜ் கேட்கிறவள் இவள்தான். பாட்டு சத்தத்தைக் குறைத்தாலும் இவள் சத்தம் குறையாது.

திரும்பிப் பார்த்தேன். லோடர்கள் ரோட்டில் நின்றார்கள். பிரான்சிஸ் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார். கஜா மட்டும் வைத்த இடத்தில் வைத்த மாதிரி நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். ஓடாதவர் அவர் ஒருவர்தான். அதிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"இன்னாண்ணா வெச்ச உள்ள?" என்றேன்.

"பாட்டுப் பொட்டிம்மா. இத்தினிக்கோண்டுதான். அவ்ளோ தூரம் தனியா போறான். பாட்டு கேட்டுகினே போவட்டுமேன்னு கால்மாட்டுல துணிக்கு அடில சொருவிட்டேன். டாக்டரு அந்தாண்ட திரும்புனாரு, நான் இந்தாண்ட வெச்சிட்டேன். சவுண்டு கூட கம்மியாத்தான் வெச்சேன். அவனுக்கு மட்டும் கேட்டா போதும்ல?"

திட்ட வாயைத் திறந்தேன்.  அப்படி ஒரு நட்புக்கு என்ன வார்த்தை சொல்லித் திட்டுவது?

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். கடகடவென்று சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏம்மா, சார்ஜ் இல்லன்னு அதுவே சொல்லுதுல்லா? இன்னும் கொஞ்ச நேரத்துல தானா செத்துரும். செத்த பேட்டரி யாரை என்ன செய்யும்? ஏத்துங்கலே."

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பயமாக இருந்தது. முட்டாள்தனமான யோசனையை மறுப்பது சுலபம். புத்திசாலித்தனமான யோசனை, கடிகாரமும் கண்ணீரும் சேர்ந்து வந்தால், ஆளை அடித்துக்கொண்டு போய்விடும்.

"ஐயா, உள்ள ஒண்ணும் இல்லன்னு சான்றிதழ் சொல்லுது. பெட்டி இருக்குன்னு சொல்லுது. எனக்கு இப்ப பெட்டி மேலதான் நம்பிக்கை" என்றேன்.

"சவப்பெட்டியில ஸ்பீக்கர் வைக்கக் கூடாதுன்னு எந்தச் சர்க்குலர்ல போட்டிருக்கு? காட்டு, பாப்போம்!"

எதிலும் போட்டிருக்கவில்லை. டெல்லியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து உத்தரவு எழுதுகிறவருக்கு எத்தனையோ ஆபத்துகள் தெரியும். காசிமேட்டுக் கஜாவைத் தெரியாது. அவரைத் தெரிந்த நாம் எதற்கு இருக்கிறோம்? உத்தரவில் இல்லாத இடத்தில் அரசாங்கம் நீங்கள்தான், பிள்ளைகளா. சம்பளம் மட்டும் அரசாங்கச் சம்பளம் கிடையாது.

எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். "அந்தம்மாவ நெனச்சுப் பாரு" என்றார் முதலாளி. "பாவங்க்கா அந்தம்மா, சேர்ல குந்திகினு காத்துகினுருக்கும்" என்றான் ஏழுமலை, ரோட்டிலிருந்தபடியே. "அவன் பொஞ்சாதிக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்றார் கஜா. பிரான்சிஸ் கையெடுத்தே கும்பிட்டார். கிள்ளானில் இருக்கும் ஒரு பெண்மணிக்காகத் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டே அழுதது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். டீ கொண்டுவரச் சொன்னேன்.

முதலாளியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொங்கி வழியப் போகிற பால் மாதிரி இருந்தது. நான் டீயை ஆற்றினேன். ஆற்றும்போது டீக்கடை ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. காலையில் சார்ஜ் போட்டால் மதியத்துக்குள் அவள் கூப்பாடு போட ஆரம்பித்துவிடுவாள். கடைக்காரர் நாள்தோறும் அவளைத் திட்டுவார்.

"அண்ணா, இத எப்போ உள்ள வெச்ச?" என்று கஜாவைக் கேட்டேன்.

"முந்தாநேத்து சாயங்காலம்."

"முந்தாநேத்து வெச்சது இன்னும் எப்டிண்ணா பேசுது? கூட இன்னா வெச்ச?"

கஜா தரையைப் பார்த்தார். "பவர் பேங்க்கு. ஒயரு மாட்டி வெச்சேன். நடு வயில பாட்டு நின்னுடக் கூடாதுல்ல?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஸ்பீக்கர் சின்னது, அது செத்தாலும் சாகட்டும். அதற்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த பெரிய பேட்டரி ஒன்று உள்ளே கிடக்கிறது. அது சோறு போடுவதை ஏன் நிறுத்தியது? தீர்ந்துபோயிருக்கலாம். கெட்டுப்போயும் இருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே வருவதற்குள் பெட்டி எத்தனை குலுக்கல் குலுங்கியிருக்கும். மூடின தகரத்துக்குள், துணிக்கு அடியில், அது என்ன நிலைமையில் இருக்கிறது, எப்போது தீப்பிடிக்கும் என்று இங்கே யாருக்குத் தெரியும்?

"பெட்டி போகாது. திறக்கணும்" என்றேன்.

திறப்பது என்றால் சும்மா இல்லை. பெட்டி செய்தவர் ராயபுரத்திலிருந்து வர வேண்டும். பதப்படுத்திய டாக்டர் வர வேண்டும். மறுபடியும் பற்றவைத்து, மறுபடியும் சான்று வாங்கி முடிப்பதற்குள் விமானம் போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும்.

"உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? உங்க அப்பாவா இருந்தா இப்படிச் செய்வீங்களா?" என்று பிரான்சிஸ் கத்தினார்.

சுருக்கென்றுதான் இருந்தது. இத்தனை வருஷ வேலையில் யார் யாரோ திட்டியிருக்கிறார்கள், இந்த மாதிரி வலித்ததில்லை.

"எங்கப்பாவா இருந்தாலும் இதேதான் தம்பி. உங்க சீட்டுக்குக் கீழதான் இந்தப் பெட்டி வரப்போவுது" என்றேன்.

"எனக்குப் பரவாயில்ல!"

"பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாளையிலேருந்து நீ வேலைக்கு வராத" என்றார் முதலாளி. "சரிங்க, இன்னைக்கு இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு ராயபுரத்துக்கு ஃபோன் போட்டேன்.

பெட்டிக்காரரும் டாக்டரும் வந்து, மேல் பலகையை எடுத்து, தகட்டை வெட்டித் திறந்தார்கள். லோடர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், வேடிக்கை பார்க்கிற ஆசை எங்கள் பக்கத்தில் எப்போதும் பயத்தை ஜெயித்துவிடும்.

உள்ளே அந்தோணிசாமி கோட்டு சூட்டில் படுத்திருந்தார். மகன் போடச் சொன்ன சூட். மகன் சொல்லாத ஒன்றும் இருந்தது. கண்ணில் கறுப்புக் கூலிங் கிளாஸ்.

பிரான்சிஸ் கிட்டே வந்து பார்த்தார். "எங்கப்பாவா இது?" என்றார். "வீட்டுல ரேடியோ சத்தமா வெச்சாக்கூடத் திட்டுவாரு. சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

"யாரு, இவனா?" என்று கஜா மூக்கை உறிஞ்சினார். "டோல்கேட்டாண்ட இவன் ஆடுனா பஸ்ஸே நிக்கும் கண்ணு."

பிரான்சிஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்தது. பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை, முதலாளி உட்பட.

கையுறை போட்டுக்கொண்டு டாக்டர் கால்மாட்டுத் துணியை விலக்கினார். ஸ்பீக்கர் ஒரு பக்கம் கிடந்தது. பவர் பேங்க் இன்னொரு பக்கம், பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. அதைச் சுற்றித் துணி பழுப்பேறியிருந்தது. நான் இடுக்கியால் தூக்கினேன். பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனபோதே சூடு தெரிந்தது. வாசலுக்குக் கொண்டு போய் மணல் வாளியில் போட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன்.

"ஆத்தாடி" என்றார் முதலாளி. அதற்குப் பிறகு வெகு நேரம் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் வேலை போன விஷயத்தையும் பேசவில்லை. பின்னாளில் ஒரு கூட்டத்தில், அந்தப் பெட்டியை நிறுத்தியதே தான்தான் என்று அவர் பேசக் கேட்டேன். போகட்டும். இந்தத் தொழிலில் நல்லது நடந்தால் அதற்கு அப்பா நிறையப் பேர் இருப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

கஜா மணல் வாளியையே பார்த்துக்கொண்டு குந்திவிட்டார். "என் தோஸ்துக்கு நானே நடு வானத்துல கொள்ளி வெச்சிருப்பனே, எம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஏழுமலைதான் அவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

மறுபடி மூடுவதற்கு முன்னால் பெட்டிக்காரர் கூலிங் கிளாஸைக் காட்டி, "இத இன்னா பண்றது?" என்று என்னைக் கேட்டார். நான் பிரான்சிஸைப் பார்த்தேன். அவர் இருக்கட்டும் என்று தலையாட்டினார். கண்ணாடியில் பேட்டரி இல்லை, போகலாம் என்றேன்.

விமானம் போய்விட்டது. இனி கிள்ளானுக்குச் சொல்லியாக வேண்டும். அதுவரைக்கும் அந்தம்மா பெயரைச் சொல்லி அத்தனை பேரும் என்னிடம் சண்டை போட்டார்களே, ஒருவராவது அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? எனக்கும் தோன்றவில்லை. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். யாருடைய துக்கத்தையாவது காட்டி உங்களை அவசரப்படுத்தினால், அந்தத் துக்கத்துக்குச் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

பிரான்சிஸ் ஃபோன் போட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஸ்பீக்கர், பவர் பேங்க், பழுப்பேறிய துணி, எல்லாம்.  பிறகு அவர் ஃபோனை என்னிடம் நீட்டினார். "அம்மா உங்ககிட்டப் பேசணுமாம்."

 கன்னாபின்னாவென்று திட்டு விழப்போகிறது, வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"பெட்டிய நிறுத்துனது நீதானாம்மா?" ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாகப் பேசினார்.

"ஆமாம்மா. மன்னிச்சுக்குங்க. நாளைக்கு அடக்கம் வெச்சிருந்தீங்க..."

"அடக்கம் கெடக்குது. அந்த ப்ளேன்லதான என் புள்ளயும் ஏற இருந்தான்?"

"ஆமாம்மா."

"எனக்கு ஒருத்தர் பெட்டியில வந்தா போதும்மா. இவன் நடந்து வரட்டும்."

 ஃபோனைப் பிரான்சிஸிடமே கொடுத்துவிட்டேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.